சிறுநீர் கல்ச்சர்: மெக்கான்கியா, கிளெட்டா?

சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்க (கல்ச்சர்) மெக்கான்கி, கிளெட் (CLED) என்று இரண்டு அகார் (வளர்ப்பு ஜெல்லி) தட்டுகள் உண்டு. ஒரே தட்டுதான் போட முடியும் என்றால் கிளெட் அகார். மெக்கான்கியில் உள்ள பித்த உப்பும் கிரிஸ்டல் வயலட்டும் கிராம் பாசிட்டிவ் (கிராம் சாயத்தில் ஊதாவாகத் தெரியும்) கிருமிகளை அமுக்கிவிடும். இளம்பெண்களின் சிறுநீர்த் தொற்றில் வரும், அந்த வகையைச் சேர்ந்த ஸ்டாஃபிலோகாக்கஸ் சாப்ரோஃபைட்டிகஸ் கண்ணில் படாமலே போகும். கிளெட்டில் அதுவும் வளரும். உப்பு குறைவு என்பதால் புரோட்டியஸ் என்ற கிருமி படர்ந்து மற்ற காலனிகளை (கிருமித் திட்டுகளை) மூடுவதில்லை.

நிறத்தில் மட்டும் மெக்கான்கிக்கே ஓட்டு: லாக்டோஸை (பால் சர்க்கரையை) நொதிக்கவைக்கும் ஈ.கோலை கிருமி பளிச்சென்று இளஞ்சிவப்பு. கிளெட்டில் அது மஞ்சள். வளர்ச்சி அடர்த்தியாக இருந்தால் மஞ்சள் தட்டெல்லாம் பரவி, லாக்டோஸைத் தொடாத பக்கத்துக் காலனியையும் அப்படியே காட்டி ஏமாற்றும்.

எதுவானாலும் 1 மைக்ரோலிட்டர் லூப்பை (அளவாகச் சிறுநீர் எடுக்கும் வளையத்தை) மாதிரியில் செங்குத்தாக முக்குங்கள். சாய்த்தால் அளவு கூடிவிடும். தட்டில் தடவி 37 டிகிரியில் 18–24 மணி நேரம் வையுங்கள். 100 காலனி என்றால் மில்லிலிட்டருக்கு 1,00,000 கிருமிகள். மாதிரி 2 மணி நேரத்துக்கு மேல் ஃப்ரிட்ஜுக்கு வெளியே கிடந்ததா? புது மாதிரி கேளுங்கள்.