மண் கட்டுபவரும் கண் திறப்பவரும்: இரு வேலைமுறைகள்

சுவாமிமலைப் பட்டறைகளில் ஐம்பொன் சிலை செய்யும் வேலையை இரண்டு விதமாகப் பகிரலாம். மெழுகு, மண், வார்ப்பு, செதுக்கு என நிலைவாரியாக ஆள் பிரிப்பது ஒரு வழி. தம் பங்கு முடிந்தவுடன் அவரவர் அடுத்த சிலைக்குப் போய்விடுவார். ஸ்தபதியின் தலைமையில் நான்கைந்து பேர் ஒரே சிலையை மெழுகு முதல் கண் திறப்பு வரை கூடவே இருந்து முடிப்பது இன்னொரு வழி.

நிலைவாரி முறையில் கை பழகும், வேலை தேங்காது. கடைகளுக்குச் சிறு விளக்குப் பாவைகளை டஜன் கணக்கில் செய்து தருகிறவர் அதைத் தேர்ந்தெடுப்பதில் குறை சொல்ல ஏதுமில்லை.

ஆனால் மண் கட்டுபவரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். காவிரியின் நுண்ணிய வண்டலைக் குழைத்து மெழுகின்மேல் அவர் இடும் முதல் பூச்சில்தான் அணிகலனின் நெளிவும் விரல் நகமும் பதிகின்றன. மெழுகு உருகி வெளியேறிய இடத்தில் உலோகம் நிறைந்த பிறகு அந்த மண் கூட்டை உடைத்தால்தான் சிலையை எடுக்க முடியும் என்பதால், அவருடைய உழைப்பு யார் கண்ணுக்கும் எஞ்சுவதில்லை. நிலைவாரி முறையில் கூடு உடைபடும்போது அவர் அங்கே இருப்பதும் இல்லை. வார்ப்பில் பழுது வந்தால் அது வசவாக வந்து சேரும்; நன்றாக வந்தாலோ ஒரு சொல்லும் வராது. இதை நான் பெரிய அநீதியாகவே கருதுகிறேன்.

1976-இல் ஹேக்மன், ஓல்டம் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வேலைக்குப் பொருள் தரும் கூறுகளாக ஐந்தைச் சொன்னார்கள்: பலவகைத் திறன், முழுமையான ஒரு வேலையைச் செய்வது, அது பிறருக்குப் பயன்படுவது, தன் முடிவுக்கு இடம், விளைவை அறிவது. இவற்றுள் முழுமையும் விளைவும் மண் கட்டுபவருக்கு மறுக்கப்படுகின்றன. ஆண்டுக்கொரு பாராட்டுப் பத்திரமோ போனஸோ அந்த இடத்தை நிரப்பாது.

குழுமுறைக்கும் குறைகள் உண்டு. மண் நிழலில் காயும் நாட்களில் மற்றவர்கள் சும்மா இருக்க நேரும். இரண்டு சிலைகளை முன்பின்னாகத் தொடங்கினால் இது பெரிதும் தீரும். புகழ் முழுவதும் ஸ்தபதிக்கே போய்ச் சேரும் ஆபத்து அதைவிடக் கடினமானது, ஏனெனில் அதை அவரே மனம் வைத்துத்தான் மாற்ற முடியும்.

கோயிலுக்குச் செய்யும் உற்சவ மூர்த்திக்குக் குழுமுறையே ஏற்றது என்பது என் முடிவு. ஒரு மண் கூடு ஒரே வார்ப்புக்குத்தான் உதவும். வார்ப்பு பழுதானால் மெழுகிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருப்பதால், பூச்சு எங்கே பிசகியது என்று மண் கட்டுபவர் அறிவது பட்டறைக்கும் ஆதாயம். நிலைவாரி முறையை விட முடியாதவர்கள், கூடு உடைக்கும் நாளில் அவரை அழைத்து, முதல் அடிக்குச் சுத்தியலை அவர் கையில் கொடுக்கலாம். அதற்கு அரைமணி நேரம் போதும்.