ரோமில் காபி: பாந்தியன் பக்கத்துப் பழைய கடைகளா, ஃபாரோவா?

ரோமில் நல்ல காபி எங்கே கிடைக்கும் என்று யாரைக் கேட்டாலும் பாந்தியன் என்ற பழங்கால ரோமானியக் கோயில் பக்கம்தான் கை காட்டுவார்கள். அங்கே சான்ட் யூஸ்டாக்கியோ, டாட்ஸா டோரோ என்று இரண்டு கடைகள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சில நிமிட நடைதான். இரண்டுமே பழைய இத்தாலிய எஸ்பிரெஸோவின், அதாவது அழுத்தத்தில் இறக்கும் சின்னக் கப் திடமான காபியின், கோட்டைகள். ஆனால் ஸ்பெஷாலிட்டி காபி, அதாவது நூற்றுக்கு 80 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் வாங்கிய கொட்டை, எந்த ஊரில் விளைந்தது, எப்படிப் பதப்படுத்தினார்கள் என்ற விவரத்தோடு வேண்டும் என்றால் வியா பியாவே தெருவில் இருக்கும் ஃபாரோ என்ற கடைக்குத்தான் போக வேண்டும்.

சான்ட் யூஸ்டாக்கியோ 1938-இல் தொடங்கியது, இன்றும் விறகுத் தீயில்தான் கொட்டை வறுக்கிறார்கள். கிரான் கஃபே என்று கேட்டால் தடித்த நுரையோடு ஒரு கப் வரும். அந்த நுரையை எப்படி எழுப்புகிறார்கள் என்று தெரியாதபடி மெஷினை மறைத்து வைத்திருப்பார்கள். சர்க்கரை அதிலேயே கலந்து வரும், வேண்டாம் என்றால் ‘சென்சா சுக்கெரோ’ என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லித்தான் குடிக்க வேண்டும் என்பேன், இல்லாவிட்டால் இனிப்பும் நுரையும்தான் நாக்கில் நிற்கும், காபி பின்னால் போய்விடும்.

டாட்ஸா டோரோவில் உட்கார்ந்து ஆற அமரக் குடிக்கும் வேலையே இல்லை. கல்லாவில் காசு கட்டி, ரசீதோடு கவுண்டருக்குப் போய், நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். எஸ்பிரெஸோ நன்றாகவே இருக்கும், ஆனால் அதற்காக மட்டும் தேடிப் போக வேண்டியதில்லை. போக வேண்டியது கிரனீட்டாவுக்கு: உறைந்த காபித் துருவல், அடியிலும் மேலேயும் கிரீம். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் பாந்தியனைச் சுற்றிவிட்டு வருபவர்களுக்கு அந்த வட்டாரத்தில் இதைவிட நல்லது எதுவும் கிடையாது. அந்த ஒன்றுக்காகவே இரண்டு பழைய கடைகளில் என் ஓட்டு இதற்குத்தான்.

சரி, ஃபாரோ. டெர்மினி ரயில் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம், பாந்தியனிலிருந்துதான் கொஞ்சம் தூரம். கவுண்டர் எஸ்பிரெஸோவை ஒன்றிரண்டு யூரோவுக்குள் குடித்துப் பழகிய ஊரில் இங்கே விலை கூடுதலாகத்தான் தெரியும், ஆனால் கப்பில் இருப்பது வேறு பொருள். கருக வறுக்காமல் இளசாக வறுத்த கொட்டை என்பதால் பழப்புளிப்பும் பூ மணமும் அப்படியே தெரியும். கசப்புதான் காபி என்று நினைப்பவர்களுக்கு முதல் வாய் ஏமாற்றமாகக்கூட இருக்கலாம், இரண்டு வாய் பொறுங்கள். காபிக்காக மட்டும் ரோமில் ஒரு காலைப்பொழுதைச் செலவழிக்க முடியும் என்றால் யோசிக்காமல் இங்கேதான் அனுப்புவேன். போனதும் எஸ்பிரெஸோ சொல்லிவிடாமல், இன்றைக்கு ஃபில்டரில் என்ன கொட்டை போடுகிறீர்கள் என்று கேளுங்கள். வி60 என்ற கூம்பு வடிகட்டியில் வடித்துத் தரும் அந்தக் காபியை ஆறவிட்டு ஆறவிட்டுக் குடியுங்கள், சூடு இறங்க இறங்கத்தான் சுவை விரியும்.