வடிவமைப்பாளரின் பாதுகாப்புத் தகுதி: சான்றிதழை நம்புவதா, ஆளை நம்புவதா, கேட்டுப் பார்ப்பதா?

பிரிட்டனில் ஒரு கட்டடத்தை வடிவமைக்க யாரையாவது நியமித்தால், அவருக்குப் பாதுகாப்பு விஷயத்தில் தகுதி இருக்கிறதா என்று பார்ப்பது நியமிப்பவரின் பொறுப்பு. சிடிஎம் 2015 எனப்படும் கட்டுமானப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 8வது விதி அதைக் கேட்கிறது. திறன், அறிவு, அனுபவம் மூன்றும் வேண்டும். நிறுவனமாக இருந்தால், வேலையைச் செய்து முடிக்கும் அமைப்பு பலமும் வேண்டும். இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது என்று மட்டும் சட்டம் வகுத்துச் சொல்லவில்லை. அதனால் நடைமுறையில் மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன: நிறுவனத்துக்கு வெளியார் தரும் சான்றிதழ், தனிநபரின் அட்டையும் உறுப்பினர் பதிவும், நாமே உட்கார்ந்து கேட்கும் கேள்விகள்.

முன்பு இப்படி இல்லை. சிடிஎம்மின் 2007ஆம் ஆண்டு விதிகளோடு வந்த நடைமுறைத் தொகுப்பின் 4வது பின்னிணைப்பில் தகுதிக்கான அளவுகோல்கள் பட்டியலாகவே இருந்தன. முதல் கட்டத்தில் நிறுவனத்தின் ஏற்பாடுகள், இரண்டாம் கட்டத்தில் அதன் அனுபவம். நோக்கம் நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு வாடிக்கையாளரும் அந்தப் பட்டியலைத் தன் பாணியில் ஒரு படிவமாக்கி அனுப்ப, ஒரே கொள்கை ஆவணத்தை ஒவ்வொரு டெண்டருக்கும் புதிதாகத் தைத்து அனுப்புவதே சிறிய கட்டடக்கலை அலுவலகங்களுக்கு வேலையாகிப் போனது. 2015இல் அந்தத் தொகுப்பு நீக்கப்பட்டு, எல்153 என்ற வழிகாட்டி வந்தது. தேவைக்கு மேல் காகிதம் கேட்காதீர்கள் என்பது அதன் தொனி.

சான்றிதழ் வழி இந்தக் காகிதச் சுமையைக் குறைக்கவே வளர்ந்தது. எஸ்எஸ்ஐபி என்பது, நிறுவனங்களின் பாதுகாப்பு ஏற்பாடுகளை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் திட்டங்களுக்காக 2009இல் உருவான ஒரு குடை அமைப்பு. சாஸ், சேஃப்கான்ட்ராக்டர், ஸ்மாஸ் போன்ற திட்டங்கள் அதன் கீழ் வருகின்றன. ஒன்றில் தேறினால் மற்றவை அதை ஏற்றுக்கொள்ளும். அதே கேள்விகளுக்குத் திரும்பத் திரும்பப் பதில் எழுத வேண்டாம். ஒப்பந்ததாரர், வடிவமைப்பாளர், முதன்மை வடிவமைப்பாளர் (வடிவமைப்புக் கட்டத்தின் பாதுகாப்பை ஒருங்கிணைப்பவர்) என்று பொறுப்பு வாரியாக மதிப்பிடுவார்கள். இதில் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள்: ஒப்பந்ததாரராகத் தேறிய நிறுவனம் அதே சான்றிதழை வடிவமைப்பு வேலைக்கும் நீட்டுவதுண்டு. எந்தப் பொறுப்புக்கு என்று அதில் எழுதியிருப்பதைப் பலர் படிப்பதே இல்லை.

சான்றிதழால் தெரிவது, அந்த அலுவலகத்தில் ஒரு முறை இருக்கிறது என்பது: கொள்கை, பயிற்சிப் பதிவு, ஆபத்துகளைக் கையாண்டதற்குச் சில மாதிரிகள். நாளை உங்கள் வரைபடத்தின் முன் உட்காரப்போவது யார் என்பது அதில் தெரியாது. மாதிரியை உருவாக்கியவர் போன வருடமே வேலையை விட்டுப் போயிருக்கலாம்.

தனிநபர் வழி அந்த ஓட்டையை அடைக்கப் பார்க்கிறது. கட்டுமானத் தளத்துக்குப் போக சிஎஸ்சிஎஸ் எனப்படும் தொழில் திறன் அட்டை கேட்பார்கள். அதற்கு முன் சிஐடிபி எனப்படும் கட்டுமானப் பயிற்சி வாரியத்தின் பாதுகாப்புத் தேர்வு, 45 நிமிடத்தில் 50 கேள்விகள். தளத்தில் தன்னையும் மற்றவர்களையும் காத்துக்கொள்ளத் தெரிந்தவரா என்பதற்கு அது போதும். ஆனால் வரைபடத்திலேயே ஆபத்தை நீக்கத் தெரிந்தவரா என்பதற்கு அந்த அட்டையைக் காட்டுவதை நான் ஏற்கமாட்டேன். சார்ட்டர்ட் பொறியாளர் தகுதி, ஆர்ஐபிஏ எனப்படும் கட்டடக்கலைஞர் சங்கத்தின் உறுப்பினர் தகுதி, ஏபிஎஸ் எனப்படும் திட்டப் பாதுகாப்புச் சங்கத்தின் உறுப்பினர் தகுதி ஆகியவற்றுக்கு மதிப்பு அதிகம். தொழில்முறைச் சங்க உறுப்பினர் தகுதிக்கு உரிய எடை தரலாம் என்று எல்153உம் சொல்கிறது. குறை என்னவென்றால், பாலத்தில் இருபது வருடம் போட்டவரும் மருத்துவமனைக் கூரையில் இருபது வருடம் போட்டவரும் இந்தப் பட்டங்களில் ஒரே மாதிரி தெரிவார்கள்.

அப்புறம் மூன்றாவது வழி, கேட்டுப் பார்ப்பது. என் ஓட்டு இதற்குத்தான். பெரிய கேள்வித்தாள் எதுவும் வேண்டாம். அவர் முடித்த, நம் வேலையை ஒத்த ஒரு திட்டத்தின் முந்தைய வரைபடத்தையும் இறுதி வரைபடத்தையும் கொண்டுவரச் சொல்லி, "இங்கே எந்த ஆபத்தை எடுத்தீர்கள்?" என்று கேட்டால் போதும். கூரை விளிம்புச் சுவரை 1.1 மீட்டருக்கு உயர்த்தியதால், பின்னாளில் கூரைக்கு ஏறும் பராமரிப்பு ஆளுக்குத் தனியாக விளிம்புத் தடுப்பு தேவைப்படவில்லை என்று ஒருவர் சொல்லலாம். ஏசி எந்திரங்களைக் கூரையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்த்தியதை இன்னொருவர் காட்டலாம். ஒருவர் திரும்பத் திரும்பத் தூக்க வேண்டிய கான்கிரீட் பிளாக் 20 கிலோவைத் தாண்டக் கூடாது என்று விவரக்குறிப்பிலேயே எழுதியவர், மேஸ்திரியின் முதுகை நினைத்துப் பார்த்தவர். காலை வைத்தால் உடையும் கூரைக் கண்ணாடியைப் பற்றிக் கேட்டதும், "அங்கே எச்சரிக்கைப் பலகை போட்டிருக்கிறோம்" என்று பதில் வந்தால் எனக்கு யோசனை வந்துவிடும். சிடிஎம் 9வது விதியின் வரிசை வேறு: முடிந்தவரை ஆபத்தை நீக்கு, முடியாவிட்டால் குறை, மிச்சத்தைப் பற்றித் தகவல் கொடு. பலகை அந்த வரிசையின் வாலில் வருவது.

நாற்பது பக்க ஆபத்து மதிப்பீட்டு அட்டவணையை மேசையில் வைப்பவர்களிடமும் கவனமாக இருங்கள். "தொழிலாளி தடுக்கி விழலாம்" போன்ற, எந்தத் தளத்துக்கும் பொருந்தும் வரிகள்தான் அதில் பெரும்பாலும் இருக்கும். இந்த வடிவமைப்புக்கே உரிய, சட்டென்று கண்ணில் படாத ஆபத்துகள் நாலைந்து வரைபடத்தின் மேலேயே குறிக்கப்பட்டிருந்தால் அது அதைவிட மேல்.

இந்த வழிக்கும் பலவீனம் உண்டு: கேட்பவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் கேட்டால் பேச்சில் வல்லவர் ஜெயித்துவிடுவார்.

லண்டனின் கிரென்ஃபெல் கோபுரக் குடியிருப்பில் நடந்த தீவிபத்துக்குப் பிறகு (2017, 72 பேர் இறந்தார்கள்) தராசு கொஞ்சம் தனிநபர் பக்கம் சாய்ந்திருக்கிறது. 2022இன் கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, இங்கிலாந்தில் 2023 அக்டோபர் 1 முதல் கட்டட விதிகளின் கீழும் ஒரு முதன்மை வடிவமைப்பாளர் தேவை. சிடிஎம் பொறுப்பு வேறு, இது வேறு. இரண்டையும் ஒருவரே ஏற்கலாம், ஆனால் தகுதியைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இந்தப் புதிய பொறுப்பை ஏற்கும் தனிநபருக்கான தகுதி வரையறை பாஸ் 8671 என்ற தர ஆவணம். ஆர்ஐபிஏ இதற்கென்று ஒரு பதிவேடும் நடத்துகிறது. 18 மீட்டர் அல்லது ஏழு தளத்தைத் தொடும் குடியிருப்புக் கட்டடங்களுக்குச் சான்றிதழ் நகலைக் கோப்பில் போட்டு மூடிவிட முடியாது. தகுதியை உறுதிசெய்ய என்னென்ன செய்தோம் என்பதை எழுதி வைக்க வேண்டும்.

சிங்கப்பூர் வேறு பாதையில் போனது. 2016 ஆகஸ்ட் முதல், ஒப்பந்த மதிப்பு 1 கோடி சிங்கப்பூர் டாலரும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களுக்கு டிஎஃப்எஸ் (வடிவமைப்பிலேயே பாதுகாப்பு) நிபுணர் என்ற தனிப் பொறுப்பு உண்டு. அதற்கென்று வகுத்த பயிற்சியை முடித்திருக்க வேண்டும் என்று அங்கே விதியே சொல்லிவிடுகிறது. யாரை நியமிப்பது என்ற குழப்பம் குறைவு. எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆனால் பயிற்சி முடித்தவர் ஒருவர் இருக்கிறாரே என்று மற்ற வடிவமைப்பாளர்கள் கையைக் கட்டிக்கொள்ளும் ஆபத்தும் இதில் ஒட்டிக்கொண்டே வருகிறது.

சரி, பிரிட்டனில் எதை எடுப்பது? வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை சேர்க்கும் வேலைக்குப் பதிவு பெற்ற கட்டடக்கலைஞரும் அரை மணி நேரப் பேச்சும் போதும். அதற்குப் போய் எஸ்எஸ்ஐபி கேட்பது வீண். பல வடிவமைப்பு நிறுவனங்களை வருடம் முழுக்க நியமிக்கும் நகராட்சிக்கு முதல் சல்லடையாகச் சான்றிதழ் இல்லாமல் முடியாது. சல்லடையில் தங்கிய இரண்டு மூன்று பேரை வரைபடத்தோடு கூப்பிட்டு உட்கார வைக்கலாம். உயரமான குடியிருப்பு என்றால் மூன்றும் வேண்டும். பேச வருபவர் நிறுவனத்தின் விற்பனை ஆளாக இல்லாமல், அந்தத் திட்டத்தில் வரையப்போகிறவராகவே இருக்க வேண்டும் என்று அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்.