ஏற்காடு ஏரியும் அதன் மான் தீவும்: முப்பது தடவைக்கு மேல் போய்வந்தவள் எழுதுவது

சேலத்துக்காரர்களிடம் ஏற்காட்டு ஏரித் தீவைப் பற்றிக் கேட்டால் பாதிப் பேர், "அங்கே என்ன இருக்கு, நாலு மான்" என்று முடித்துவிடுவார்கள். ரொம்ப நாள் நானும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். 2006இல் மேட்டூரிலிருந்து கல்யாணமாகிக் கன்னங்குறிச்சிக்கு வந்தவள் நான். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதே சேர்வராயன் மலை தெரியும். அதனால் வீட்டுக்கு எந்த விருந்தாளி வந்தாலும் மறுநாள் ஏற்காடுதான். வருஷத்துக்கு இரண்டு தடவை என்று கணக்கு வைத்தால்கூட முப்பதைத் தாண்டிவிடும். இத்தனை தடவை போனதில் ஒன்று புரிந்தது. அந்தத் தீவு நல்ல இடம்தான், ஆனால் உள்ளே நின்று பார்ப்பதைவிடத் தண்ணீரிலிருந்து பார்க்கும்போதுதான் அதன் அழகு தெரியும்.

கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்ததும் ஏற்றம் தொடங்கிவிடும். 20 கொண்டை ஊசி வளைவுகள். பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது எட்டாவது வளைவுக்குள் ஒரு தடவை வண்டியை ஓரங்கட்டாமல் போனதே இல்லை. எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே போவது, வெறும் வயிற்றில் கிளம்பாமல் இரண்டு இட்லி மட்டும் சாப்பிடுவது, இதெல்லாம் அப்படிக் கற்றுக்கொண்டதுதான். மேலே ஊர் 1,515 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏரியும் காடும் சேர்ந்துதான் ஏற்காடு என்பார்கள். ஊட்டி ஏரியும் கொடைக்கானல் ஏரியும் வெள்ளைக்காரர் காலத்தில் உண்டாக்கியவை. இது தானாக அமைந்தது என்பதில் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

சரி, மான் பூங்காவுக்கு வருகிறேன். ஏரிக்குள் இருக்கும் திட்டில் புள்ளிமான், மயில், முயல் என்று வைத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்குப் பதினைந்து நிமிஷத்தில் அலுத்துவிடும். பத்து வயதுக்குள் பிள்ளை இருந்தால் கதையே வேறு. என் மகனுக்கு ஆறு வயதிருக்கும். கம்பி வேலியை ஒட்டி ஒரு ஆண் புள்ளிமான் வந்து நின்றது. அதன் கொம்பைப் பார்த்துவிட்டு, "அம்மா, இதுக்கு யாரு வெல்வெட் துணி தைச்சுப் போட்டாங்க?" என்று கேட்டான். உற்றுப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. கொம்பு முழுக்க மெத்துமெத்தென்று பழுப்புத் தோல், அதன் மேல் பூனை முடி, நுனி உருண்டு மழுங்கியிருந்தது. புள்ளிமானின் கொம்பு உதிர்ந்து மறுபடி முளைக்கும். வளர்கிற காலத்தில் அந்தத் தோலுக்குள் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். முற்றியதும் மரத்தில் தேய்த்து உரித்துவிடும். வீட்டுக்கு வந்துதான் இதையெல்லாம் தேடிப் படித்தோம். அடுத்த தடவை போனபோது அவன் முதலில் தேடியது அந்தக் கொம்பைத்தான். ஆனால் எல்லாம் உரிந்து கூராக, பளபளவென்று இருந்தது. "துணிய கழட்டிட்டாங்க" என்று முகம் வாடிவிட்டான். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதில் இப்படியும் ஒரு லாபம். ஒரு தடவை மட்டும் வந்துபோகிறவர்களுக்கு இது கிடைக்காது.

மிருகம் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் மலை ஏறவே வேண்டாம். அடிவாரத்திலேயே குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா இருக்கிறது, அங்கே நடக்கவும் இடம் அதிகம்.

படகு விஷயத்தில் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதலில் எல்லோரையும் போல மிதி படகுதான் எடுப்போம். கல்யாணமான புதிதில் ஒரு தடவை நானும் அவரும் ஏறினோம். ஸ்டியரிங் குச்சி அவர் கையில், யோசனை மட்டும் என்னிடம். "இடது பக்கம்" என்று நான் சொன்னது என் இடதா, திரும்பியிருந்த அவர் இடதா என்று தகராறு. அதற்குள் படகு கரையோரச் செடிக்குள் போய்ச் சொருகிக்கொண்டது. மிதிக்க மிதிக்கச் சேறுதான் கலங்கியது. கரையில் சோளம் தின்றுகொண்டிருந்த ஒரு கல்லூரிக் கூட்டமே எங்களுக்குக் கைதட்டியது. அதிலிருந்து துடுப்புப் படகுதான். ஆள் வைத்து ஓட்டுவதால் நமக்கு வேலையில்லை, சத்தமும் இல்லை. படகுக்காரரிடம் ஏறும்போதே, "அண்ணா, தீவுக்குப் பின்பக்கமா போலாங்களா" என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். அந்தப் பக்கம் மரக்கிளைகள் தண்ணீரைத் தொடுகிற மாதிரி தாழ்ந்திருக்கும், கரைக் கடைகளின் இரைச்சல் எட்டாது. துடுப்பை நிறுத்திவிட்டால் தண்ணீர் சொட்டுவது கேட்கும். மயில் அகவினால் ஏரி முழுக்க எதிரொலிக்கிற மாதிரி இருக்கும்.

ஆனால் இதெல்லாம் சாதாரண நாளில், காலை வேளையில்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் போனால் டிக்கெட் வரிசையும் ஹாரன் சத்தமும்தான் மிச்சம். மே மாதக் கோடை விழா சமயத்தில் பக்கத்து அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும். பூ பார்க்க ஆசையிருந்தால் போகலாம், ஏரியை ரசிக்க முடியாது. எனக்குப் பிடித்தது மழைக்குப் பிந்தைய நாட்கள். ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் கிளியூர் அருவியில் விழுகிறது. ஏரியைப் பார்த்தே அருவி எப்படியிருக்கும் என்று ஊகித்துவிடலாம். அருவிக்கு இறங்குவது சுலபம், ஏறி வரும்போதுதான் முழங்கால் பேசும்.

குரங்குகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது முழுசாகாது. மாமியார் ஊரிலிருந்தே தட்டுவடையும் புளிசாதமும் கட்டிக்கொண்டு வருவார். வெளியில் வாங்கித் தின்றால் அவருக்கு ஆகாது. ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து அவர் பொட்டலத்தைப் பிரித்ததுதான் தெரியும். பின்னாலிருந்து ஒரு கை வந்து பொட்டலத்தோடு போய்விட்டது. மரத்தில் உட்கார்ந்து அது ஒவ்வொரு தட்டுவடையாகக் கடித்ததைப் பார்த்துவிட்டு மாமியார் சொன்னார்: "நல்லா மொறுமொறுன்னு இருக்குதாட்டம் இருக்குது கண்ணு, பாரு." அதற்கப்புறம் மான் பார்க்கக் கூப்பிட்டாலும் வருவதில்லை. "நீங்க போய்ட்டு வாங்க, நான் தண்ணியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்பார். வயதானவர்களுக்கு அந்தக் கரை பெஞ்சே போதும்.

ராத் தங்குவதை மட்டும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரு தடவை "ஏரி தெரியும் அறை" என்று சொன்னதை நம்பி ஒரு விடுதியில் எடுத்தோம். குளியலறை ஜன்னலில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்றால் ஏரி தெரிந்தது. கேட்டதற்கு, "தெரியுதுல்ல மேடம்" என்றார்கள். சேலம் முப்பது சொச்சம் கிலோமீட்டர்தானே, சாயங்காலம் லேடீஸ் சீட் என்கிற காட்சிமுனையில் நின்று கீழே ஊர் விளக்குகள் எரிவதைப் பார்த்துவிட்டு இறங்கிவிடலாம்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தபோது குப்பனூர் வழியாக ஏறும் இன்னொரு பாதைதான் கைகொடுத்தது. அடைமழைக் காலத்தில் கிளம்பும் முன் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

ஏறவே முடியாத நாட்களுக்கு எங்களுக்கு வீட்டுப் பக்கத்திலேயே மூக்கனேரி இருக்கிறது. சேர்வராயன் மலைத் தண்ணீர் வந்து சேர்கிற ஏரி. 2010இல் சேலம் மக்கள் குழுவினர் தூர்வாரி, எடுத்த வண்டலையே ஏரிக்குள் திட்டுத் திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள். இப்போது அவை பறவைகளின் தீவுகள். அங்கே மான் இல்லை. கரையில் நின்று கொக்கு அடைவதைப் பார்த்துவிட்டு வரலாம். மகனுக்கு இப்போது மீசை அரும்பிவிட்டது, மூக்கனேரிக்குக் கூப்பிட்டால் போனை விட்டு நிமிர மாட்டான். ஏற்காடு என்றால் மட்டும், "துடுப்பு நான் போடுறேன்" என்று கிளம்பிவிடுகிறான். அடுத்த மாதம் மேட்டூரிலிருந்து அண்ணன் குடும்பம் வருகிறது. புதன்கிழமையாகப் பார்த்துக் கூட்டிப் போகிறேன். தட்டுவடைப் பொட்டலம் இந்தத் தடவை வண்டிக்குள்ளேயே இருக்கும்.