இரண்டு வருடமாக எரிகிற அனகி அடுப்பு

எங்கள் குசினியில் இரண்டு வருடமாக எரிவது அனகி மண் அடுப்பு. திருகோணமலைச் சந்தைப் பக்கம் சட்டி பானை விற்கிற கடையொன்றில் 950 ரூபாவுக்கு வாங்கினேன். ஒரே வாயில் விறகு. முன் குழியில் சோறு, அந்தச் சூடே உள்வழியாகப் போய்ப் பின் குழிக்கும் வரும்.

விறகுக்கு ஏன் வந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரலில் 12.5 கிலோ காஸ் 4,860 ரூபா ஆனது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340க்கு ஏற, மண்ணெண்ணெயில் ஓடுகிற என் வீட்டுக்காரருடைய மீன்பிடிப் படகு கரையிலேயே கிடந்தது. உழைப்பும் இல்லை, காஸும் இல்லை. முற்றத்தில் மூன்று கல்லை வைத்தோம்.

விறகு கொண்டுவந்து தந்த தம்பி நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை செய்தவன். வெளிநாட்டார் வராமல் வேலை போனதும் கத்தியும் சைக்கிளுமாகக் காட்டுக்குப் போனான். முதலில் காய்ந்த சுள்ளி கொண்டுவந்தான். அப்புறம் பச்சைப் பாலை, வீரை. ஒருநாள் அவன் கட்டுக்குள் களப்புக் கரையில் வெட்டிய கண்டல் மரக் கொம்பு இருந்தது, வெட்டுவாய் சிவந்து ஈரம் காயாமல். இறால் குஞ்சு வளர்கிற இடத்தை வெட்டி, இறால் பிடிக்கிற வீட்டிலேயே எரிப்பதா என்று நெஞ்சு பதறியது. "என்னக்கா செய்யிற, வீட்டில மூண்டு பிள்ளையள்" என்றான். அவனை நான் எப்படி ஏசுவது?

அந்த நினைப்பில்தான் அடுப்பு வாங்கினேன். மூன்று கல்லில் நாலு நாளில் தீர்ந்த கட்டு இப்போது ஒரு கிழமைக்கு வருகிறது. புகையும் நன்றாகக் குறைவு.

குறையும் உண்டு. முதல் மாதமே வாயோரம் வெடித்துவிட்டது. களிமண்ணும் சாணமும் குழைத்துச் சுற்றிக் கட்டிய பிறகுதான் எரிக்க வேண்டும் என்று கடையில் யாரும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி புற்றுமண்ணும் வைக்கோலும் சேர்த்துக் கட்டித் தந்தார், இன்றுவரை அசையவில்லை. பின் குழியில் சோறு வேகும் என்று நம்பாதீர்கள்; சுடுதண்ணீர், பருப்பு, ஆறின குழம்பு, அவ்வளவுதான். விறகை இரண்டு விரல் தடிப்பில் பிளக்க வேண்டும். மாரியில் ஈர விறகு என்றால் கண் எரியும்.

இப்போது காஸ் கிடைக்கிறது, தேத்தண்ணீருக்கு மட்டும் அதைப் பற்றவைக்கிறேன். உல்லாசப் பயணிகள் திரும்பி வந்ததும் அந்தத் தம்பி ஹோட்டலுக்குப் போய்விட்டான். அன்றோடு பச்சை விறகும் நின்றது. எங்கள் அடுப்புக்குத் தென்னை மட்டையும் வேலிப் பூவரசும் போதும். சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையம் வருகிறது. அதில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நிரந்தர வேலை கிடைக்க வேண்டும் என்பது என் மனதார்ந்த ஆசை. வேலையில்லாத மாதங்களில் காடு எப்படிக் குறைந்தது என்று பார்த்தவள் நான்.

வாங்கப் போகிறவர்கள் அடுப்பை விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்றால் நன்றாகச் சுட்டது. மந்தமாகக் கேட்டால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.