டைட்டன் ஆழ்கடல் பயணம்: அந்தக் கலத்தை நம்பி ஆளை இறக்கியிருக்கவே கூடாது

டைட்டானிக்கைக் காட்ட ஓஷன்கேட் நிறுவனம் ஆட்களைக் கூட்டிப்போய், 2023-இல் கடலுக்கடியில் நொறுங்கிய டைட்டன் நீர்மூழ்கியைப் பற்றி இப்போது எதற்கு எழுத வேண்டும்? நாளைக்கு வேறு யாராவது இதே மாதிரி சீட்டு விற்க வருவார்கள், அதனால்தான். டைட்டனில் ஒரு சீட்டு 2,50,000 டாலராக இருந்தது.

டைட்டானிக் கிடப்பது சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில். உங்கள் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள், அவ்வளவு இடத்தில் அங்கே ஏறத்தாழ 380 கிலோ வந்து அமுக்கும். அதைத் தாங்க இவர்கள் வைத்தது கரி இழைகளைப் பிசினால் ஒட்டிச் செய்த, ஐந்து அங்குலத் தடிமனுள்ள ஒரு கார்பன் ஃபைபர் உருளை, இரண்டு முனையிலும் பசையால் ஒட்டிய டைட்டானியம் வளையங்கள். கார்பன் ஃபைபர் இழுவைக்கு அசராது. ஆனால் கடல் இழுப்பதில்லையே, அமுக்குகிறது. கிணற்றுக் கயிறு நிறைகுடத்தைத் தூக்கும், அதையே மேலிருந்து தள்ளினால் மடங்கிவிடும், அதே கதைதான். இழைகளை நிமிர்த்திப் பிடித்திருப்பது பிசின், அதில் காற்றுப்புரையோ சுருக்கமோ இருந்தால் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அடுக்குகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியும். வடிவமும் தோதில்லை: அதே அகலம், அதே தடிமனில் ஒரு கோளம் செய்தால் அதன் சுவரில் பாதித் தகைவுதான் (சுவரின் ஒவ்வொரு துண்டும் தாங்க வேண்டிய சுமை) வரும். 1964 முதல் ஓடும் அமெரிக்க ஆழ்கடல் கலமான ஆல்வினில் ஆள் உட்காரும் அறை கோளம், சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் (என்ஐஓடி) மத்ஸ்யா 6000 கலத்திலும் 80 மில்லிமீட்டர் டைட்டானியக் கோளம்தான்.

எனக்கு ஆறவே ஆறாதது எச்சரிக்கைக் கருவி விஷயம். கலத்தின் ஓடு, அதாவது அந்த உருளைச் சுவர், விரிசல் விட்டால் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்து மேலே வந்துவிடலாம் என்றார்கள். 2022 ஜூலையில், டைட்டானிக்கைப் பார்த்துவிட்டு மேலே வரும்போது உள்ளே இருந்தவர்களுக்கே பெரிய சத்தம் கேட்டது, அதற்கப்புறம் ஓடு எவ்வளவு நெளிகிறது என்று அளக்கும் திரிபுமானியின் அளவுகளும் மாறின. அப்படியும் இறக்கினார்கள், குளிர்காலம் முழுக்க நியூஃபவுண்ட்லாந்தில் திறந்தவெளியில் போட்டார்கள், மறுபடி இறக்கினார்கள்.

2023 ஜூன் 18, சுமார் 3,300 மீட்டரில் தொடர்பு அறுந்தது. வெளியே 330 மடங்கு அழுத்தம், உள்ளே நாம் மூச்சுவிடும் சாதாரணக் காற்று. சுவரில் ஓர் இடம் விட்டுக்கொடுத்தால் அதன் சுமை பக்கத்து இழைகள்மேல் விழும், அவையும் போகும், மில்லிவினாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். உள்ளே இருந்த ஐந்து பேருக்கும் வலி மூளைக்குப் போய்ச் சேர நேரமே இருந்திருக்காது. அதில் ஒருவன் அப்பாவோடு போன 19 வயதுப் பையன்.

இத்தனைக்கும் டைட்டனுக்கு எந்த வகைப்பாட்டு நிறுவனத்தின் (கலங்களைச் சோதித்துத் தரச்சான்று தரும் அமைப்பு) சான்றும் கிடையாது. 2018-லேயே துறை வல்லுநர்கள் கடிதம் எழுதி எச்சரித்தார்கள். சான்று கையில் இல்லாத கலத்துக்கு, எத்தனை முறை போய் வந்திருக்கிறது என்று சொன்னாலும், முன்பணம்கூடக் கட்டாதீர்கள்.