ஓடிபி கேட்காத இடங்கள்

பாளையங்கோட்டையில் அம்மா இருக்கும் தெருவில் மின்கட்டணம் கட்ட இப்போது யாரும் வரிசையில் நிற்பதில்லை. வீட்டு வரி, சிலிண்டர் பதிவு, பட்டா நகல், வில்லங்கச் சான்று என்று முன்பு ஒவ்வொன்றுக்கும் அரை நாள் விடுப்பு எடுக்க வைத்த காரியங்கள் கைபேசித் திரையிலேயே முடிந்துவிடுகின்றன. வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொண்டு மின்வாரிய அலுவலக வாசலில் நின்று பழகிய தலைமுறைக்கு இது சின்ன விஷயம் இல்லை. சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வருகிற என்னைப் போன்றவர்கள் இறங்கியதும் ‘இங்கே எதுவும் நடக்காது’ என்று அலுத்துக்கொள்வது வழக்கம். அந்தப் பேச்சுக்கு இனி அதிகம் இடமில்லை. நடக்கிறது. ஆனால் எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி, கைபேசி எண். அந்தச் சாவி யார் கையில் இருக்கிறது என்பதில்தான் வீட்டுக்கு வீடு கதை மாறுகிறது.

எங்கள் வீட்டில் அது அப்பாவின் எண். ஆதார், வங்கிக் கணக்கு, சிலிண்டர் என்று அம்மாவின் பெயர் இருந்த இடங்களிலெல்லாம் எதிரே அப்பாவின் எண்தான் இருந்தது. அவருடைய வயதுக்காரர்கள் வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான். அவர் போன பிறகு அந்த எண்ணுக்குப் பணம் போட யாருக்கும் தோன்றவில்லை. துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் வரை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது விதி. அதற்குப் பிறகு கொடுக்கலாம். கொடுத்துவிட்டார்கள்.

ஆகவே இந்தப் பயணத்தில் ஒரு செவ்வாய்க்கிழமையை முழுக்க அலைச்சலுக்கென்றே ஒதுக்கினேன். காலையில் நாய்க்கு மருத்துவர், அம்மாவுக்குத் தபால்காரர், பிறகு வங்கி, சாயங்காலம் முக்கூடலில் பெரியம்மா. அல்வா வாங்கப் போனதைப் பற்றி எழுதப் போவதில்லை. அதை எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

முதலில் வங்கியைச் சொல்லிவிடுகிறேன். கிளையின் பெயர் வேண்டாம். கவுண்டரில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். “எண்ணை மாற்றிவிடலாம், அம்மா. பழைய எண்ணுக்கு ஒரு ஓடிபி வரும், அதை மட்டும் சொல்லுங்கள்.” பழைய எண் கையில் இல்லாததால்தானே மாற்ற வந்திருக்கிறோம் என்றேன். கணினி அப்படித்தான் கேட்கிறது என்றார். “கணக்குக்கு உரியவள் உன் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் கேட்கச் சொல்” என்றார் அம்மா. தம்பி சிரித்தாரே தவிர கணினி இறங்கி வரவில்லை.

சரி என்று அந்தப் பழைய எண்ணையே அழைத்தேன். விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஒரு பெண் எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்குக் கொஞ்சமும் ஆச்சரியம் இல்லை. “அடிக்கடி ஏதாவது வரும், அக்கா. சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம் சொல்ல வேண்டிய எண்கூட வரும். யார் வீட்டு அடுப்போ என்று அழிக்காமல் வைத்திருப்பேன். இப்போது வந்ததைச் சொல்லட்டுமா?” என்று எண்ணை வாசிக்கவே தொடங்கிவிட்டார். ‘ஓடிபியை யாரிடமும் பகிராதீர்கள்’ என்ற சுவரொட்டி சரியாகக் கவுண்டர் தம்பியின் தலைக்கு மேல் இருந்தது. அடுத்த மேஜையில் இருந்த மூத்த அதிகாரி பதறிப்போய் எழுந்து வந்து, “வேண்டாம், வேண்டாம், போனை வையுங்கள்” என்றார். பிறகு ஒரு விண்ணப்பம், பாஸ்புத்தகம், ஆதார் நகல், அம்மாவின் கையெழுத்து, அவ்வளவில் முடித்துக்கொடுத்தார். அந்த வழி முதலிலிருந்தே இருந்திருக்கிறது. அது தெரிந்தவர் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் எங்கள் அதிர்ஷ்டம். அவர் ஓய்வுபெற்ற பிறகு வருகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்துக்கொண்டே படி இறங்கினேன்.

ஆதாரில் எண்ணை மாற்றுவது இதைவிடப் பெரிய பாடாக இருக்கும் என்று பயந்திருந்தேன். அது வீட்டுத் திண்ணையிலேயே முடிந்தது. தபால்காரர்கள் இப்போது தபால்துறையின் பேமெண்ட்ஸ் வங்கிக்கும் வேலை செய்கிறார்கள். ஆதாரில் கைபேசி எண்ணை மாற்றிக் கொடுப்பது 2021 முதல் அவர்கள் கையில் இருக்கும் வேலைகளில் ஒன்று. ஓய்வூதியக்காரர்களின் உயிர்வாழ் சான்றிதழையும் வீட்டிலேயே பதிகிறார்கள். அதற்குக் கட்டணம் 70 ரூபாய். அப்பா பள்ளி ஆசிரியர் என்பதால் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. ஆண்டுக்கொரு முறை உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். முன்பு கருவூலத்துக்குப் போய் மின்விசிறி இல்லாத பக்கமாக உட்கார்ந்திருப்பார்.

அம்மாவின் விரல் ரேகை முதலில் பதியவில்லை. தபால்காரர் சலித்துக்கொள்ளாமல், “தலைக்கு எண்ணெய் வைத்தீர்களா, அம்மா? சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள்” என்றார். கழுவி வந்ததும் பதிந்தது. அரசாங்கத்தின் கணக்கில் அம்மா இன்னும் ஓராண்டுக்கு உயிரோடு இருக்கிறார். தபால்காரர் மோர் குடித்துவிட்டு அடுத்த தெருவுக்குக் கிளம்பினார். அங்கே இரண்டு பாட்டிகள் விரலைக் கழுவிவிட்டுக் காத்திருப்பதாகச் சொன்னார்.

இனி மணியின் கதை. மணி செவலை நிற நாட்டு நாய். தெற்கத்திக்காரி என்று தெரிந்தால் சிங்கப்பூரில் நாய்ப் பிரியர்கள் உடனே ராஜபாளையமா, சிப்பிப்பாறையா, கன்னியா என்று கேட்பார்கள். எங்களுடையது எதுவும் இல்லை. ஒரு மழை நாளில் தானாக வந்து தாழ்வாரத்தில் படுத்தது, அதோடு சரி. நான் வந்து இறங்கியபோது அது சோறு தின்னாமல் படுத்திருந்தது. காதுக்குள் திராட்சைக் கொத்து மாதிரி உண்ணி.

செயலியில் ஆட்டோ பதிவு செய்தால், நாய் என்றதும் ரத்து செய்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அடுத்த சவாரிக்கு ஏறுகிறவர் முடியைப் பார்த்து முகம் சுளிப்பார். கடைசியில் தெருமுனை ஸ்டாண்டில் இருக்கும் அண்ணாச்சிதான் வந்தார். “சாக்கு ஒன்று விரியுங்கள், தலை வெளியே நீளாமல் பிடித்துக்கொள்ளுங்கள், போகலாம்.” அவர் கேட்ட தொகை செயலி காட்டியதைவிட அதிகம். காத்திருந்து திரும்பவும் கொண்டுவந்து விட்டார் என்பதால் அது எனக்கு அதிகமாகத் தெரியவில்லை.

ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் அங்கேதான் போகச் சொல்வார்கள். நாங்கள் போனது அரசு கால்நடை மருத்துவமனைக்கு. காலை நேரத்தில் அந்த வளாகத்தைப் பார்க்க வேண்டும். வேப்பமரத்தில் ஒரு பசு கட்டியிருந்தது. ஒரு தாத்தா ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். ஒரு பெண் வயர் கூடையிலிருந்து கோழியின் தலையை மட்டும் வெளியே விட்டிருந்தார். காரில் குளிர்சாதனத்தோடு வந்த லாப்ரடார் ஒன்று இந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு இறங்கவே மறுத்தது. எல்லோருக்கும் ஒரே வரிசைதான். மூச்சிரைத்துக்கொண்டிருந்த ஆட்டுக்குட்டிக்கு மட்டும் யாரும் சொல்லாமலே வழிவிட்டார்கள்.

பதிவேட்டில் உரிமையாளர் பெயர், தெரு, விலங்கு, வயது. கைபேசி எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள், யாரும் அதைச் சரிபார்க்கவில்லை. வயது என்ன என்று கேட்டதும் அம்மா, “இவள் அப்பா போவதற்கு முந்தின மழைக்கு வந்தது” என்றார். எழுதுகிறவர் மறுபேச்சில்லாமல் ஒரு எண்ணைப் போட்டுக்கொண்டார்.

மருத்துவர் இளம் பெண். மணியின் உதட்டைத் தூக்கி ஈறு வெளுத்திருப்பதைக் காட்டினார். காய்ச்சல் 104. நாய்களுக்கு இயல்பாகவே நம்மைவிடச் சூடு அதிகம், 101, 102 வரை போகும், ஆனாலும் இது அதிகம் என்றார். உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம் என்று ரத்தம் எடுத்தார், ஊசி போட்டார், மாத்திரை எழுதினார். நாயைக் குளிப்பாட்டினால் மட்டும் உண்ணி போய்விடாது, அது படுக்கும் இடத்திலும் சுவர் இடுக்கிலும் முட்டையிட்டிருக்கும், அதையும் சுத்தம் செய்யுங்கள் என்று சொல்லித்தந்தார். பிறகு அம்மாவிடம், “காய்ச்சல் என்று வீட்டில் இருக்கும் மனித மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். பூனை வளர்க்கிறவர்கள் தெரிந்திருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள், பாரசிட்டமால் பூனைக்கு விஷம்” என்றார். ஆண்டுதோறும் போட வேண்டிய வெறிநோய்த் தடுப்பூசியைக் காய்ச்சல் தணிந்த பிறகு போடலாம் என்று நாள் குறித்துக் கொடுத்தார். நடக்க முடியாத மாடு, ஆடு என்றால் 1962-க்கு அழைத்தால் மருத்துவ வண்டியே வரும் என்று சுவரில் எழுதியிருந்தது. மாத்திரை மட்டும் வெளியே வாங்க வேண்டியிருந்தது. மருந்துக் கடையில் விலையைவிடக் கைபேசி எண்ணைத்தான் முதலில் கேட்டார்கள், தள்ளுபடி அட்டைக்காம்.

முக்கூடலுக்குப் போனது பஸ்ஸில். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த ஆண்டுகளிலெல்லாம் நான் காரில் போய் வந்ததால், நடத்துநர் நீட்டிய இலவசச் சீட்டை வாங்கும்போது எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. சிங்கப்பூரில் சம்பளம் வாங்குகிறவள் இதற்கு உரியவளா என்ற கேள்வி எனக்கு இருந்தது, நடத்துநருக்கு இல்லை. அட்டை கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. பக்கத்து இருக்கையில் பூக்கட்டிக்கொண்டே வந்த அம்மாள், மிச்சமாகும் பணத்தைப் பேத்தி பெயரில் தபால் நிலையத்தில் போடுவதாகச் சொன்னார். திருநெல்வேலி சந்திப்பிலிருந்து முக்கூடலுக்கு ஏறிய வண்டி அந்த வகை இல்லை, அதில் டிக்கெட் எடுத்தேன்.

பெரியம்மா தனியாக இருக்கிறார். வாழ்நாளெல்லாம் பீடி சுற்றியவர். முக்கூடலில் அது வீட்டு வேலை மாதிரி, சமையலுக்கு நடுவே மடியில் முறம் இருக்கும். இலையையும் தூளையும் உருட்டி உருட்டி விரல் ரேகை தேய்ந்துபோய்விட்டது. ரேஷன் கடை இயந்திரத்துக்கு அவர் விரலை அடையாளம் தெரியாது. கருவிழியைப் பார்த்து அடையாளம் காணும் கருவி வந்த பிறகுதான் அரிசியும், 30 ரூபாய்ப் பருப்பும், 25 ரூபாய்ப் பாமாயிலும் சண்டையில்லாமல் கிடைக்கின்றன. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்குப் பொருளை வண்டியிலேயே கொண்டுவந்து தருகிறார்கள். ரத்த அழுத்த மாத்திரையும் மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வாசலுக்கு வருகிறது. அதைக் கொண்டுவரும் பெண்ணைப் பெரியம்மா ‘மாத்திரைப் பிள்ளை’ என்கிறார். மாத்திரையைவிட அவள் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகும் பத்து நிமிடம்தான் அவருக்கு முக்கியம் என்று எனக்குத் தோன்றியது. எந்தச் செயலியிலும் அது பதிவாவதில்லை.

பெரியம்மாவிடம் பூனைகள் உண்டு. எத்தனை என்று அவருக்கே தெரியாது. மீன் வாங்கும் நாளில் எண்ணிக்கை கூடும். பாரசிட்டமால் விஷயத்தைச் சொன்னேன். “நான் எதற்கு அதற்கு மாத்திரை கொடுக்கிறேன்? எனக்கே அரை மாத்திரைதான்” என்றார். சிங்கப்பூரில் வீடமைப்பு வாரியத்தின் அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்ப்பதற்குப் பல ஆண்டுகளாகத் தடை இருந்ததையும், 2024 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து இரண்டு பூனை வரை வளர்க்க அனுமதித்திருப்பதையும், அதற்கு உரிமம் எடுத்துத் தோலுக்கடியில் சிப் வைக்க வேண்டும் என்பதையும் சொன்னேன். என் மகள் ஒன்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

“ஏட்டி, பூனைக்கு லைசென்சா? எலிக்கும் உண்டா?” என்று கேட்டுவிட்டு, அவரே கொஞ்ச நேரம் யோசித்து, “சிப் வைத்தால் இது அடுத்த வீட்டுப் பாலைக் குடித்ததும் தெரியுமா?” என்றார். தெரியாது என்றதும் அந்த ஏற்பாட்டின் மீது அவருக்கு மரியாதை போய்விட்டது.

என்னைப் போல வெளிநாட்டு எண்ணோடு வருகிறவர்களுக்கு ஒரு செய்தி. சிங்கப்பூர் உட்படப் பத்து நாடுகளின் கைபேசி எண்களை என்ஆர்ஐ கணக்கோடு இணைத்து யுபிஐ பயன்படுத்த 2023-இல் அனுமதி வந்தது. எல்லா வங்கியும் எல்லாச் செயலியும் அதற்கு இடம் கொடுப்பதில்லை, கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். எனக்கு வேலை செய்தது. முக்கூடல் பஸ் நிலையத்து டீக்கடையில் பெட்டி என் பணம் வந்துவிட்டதாக உரக்க அறிவித்தது. ஆனால் பஸ்ஸுக்கும் ஆட்டோ அண்ணாச்சிக்கும் சில்லறை வேண்டும்.

சிலிண்டர் பதிவில் இருக்கும் கைபேசி எண்ணை மட்டும் இன்னும் மாற்றவில்லை. அன்று காஸ் ஏஜென்சி பூட்டும் நேரம் ஆகிவிட்டது. கைரேகையும் பதிய வேண்டும், அம்மாவே நேரில் வர வேண்டும் என்றார்கள். அடுத்த சிலிண்டர் வருவதற்குள் போகாவிட்டால் விளாத்திகுளத்துக்குத்தான் போன் செய்ய வேண்டியிருக்கும்.